கட்டம் பிசகிய கில்ட்

ஸ்டுட்கார்ட்டில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். என் தையலில் ஒருவராலும் பிழை பிடிக்க ஏலாது என்று எனக்கொரு பெருமை இருந்தது. ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் வரும்வரை.

மகளின் கலியாணத்துக்கு உடுக்க, இறந்துபோன தகப்பனின் கில்ட்டைக் கொண்டுவந்தார். அவர்களின் ஆண்கள் உடுக்கும் கட்டம்போட்ட பாவாடை அது. இடுப்பைக் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டும். பின்பக்க மடிப்புகளைப் பிரித்து, பள்ளிக்கூடப் பாவாடைக்குச் செய்வதுபோல எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் மடித்துத் தைத்தேன். இடுப்பில் கட்டும் பழைய சாரமொன்றை விரித்த மேசையில் வைத்து இஸ்திரியும் போட்டேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் வந்து உடுத்துப் பார்த்தார். கண்ணாடியில் முதுகுப் பக்கத்தைக் கண்டதும் மடிப்புகளை விரலால் தடவினார். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. முன்பக்கம் முழுசாக இருந்த கட்டங்கள் பின்னால் துண்டுதுண்டாகக் கிடந்தன. அளவு பார்த்து அல்ல, கட்டம் பார்த்து மடித்திருக்க வேண்டும்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட குடும்பத்துக்கெண்டே இருக்கிற பரம்பரைக் கட்டத்தைக் கெடுத்துப்போட்டன்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன்.

"பரம்பரையோ?" அவர் சிரித்துவிட்டார். "நிறம் பிடிச்சு அப்பா ஏதோ ஒரு கடையில வாங்கினது. ஆனா அவர் உடுத்தது."

பின்னேரம் முழுக்கப் பக்கத்தில் இருந்து அவர் கோடுகளைச் சேர்த்துப் பிடிக்க, நான் மடிப்புகளைப் பிரித்துத் திரும்பவும் தைத்தேன்.

அவர் போனபிறகு இஸ்திரி மேசையைப் பார்த்தேன். அந்தச் சாரம் என் அப்பா உடுத்தது. பழைய துணிதானே என்று நான்தான் விரித்தேன். உருவியெடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கையால் தோய்த்தேன். இஸ்திரிச் சூட்டில் கருகின இடங்கள் மட்டும் போகவில்லை.