சரசு வரைந்த தேக்கு

அஸ்தினாபுரத்தில் எங்கள் கார் ஷெட்டின் இரட்டை இரும்புக் கதவுக்கு மர டிசைன் அடிக்க, 2024 பிப்ரவரியில் பெயின்டர் மேஸ்திரி தட்சிணாமூர்த்தி வந்தார். கூடவே சரசு. அனகாபுத்தூர்க்காரி, நாற்பதைத் தொடும் வயது. சித்தாள் வேலையில் தொடங்கி, சிமென்ட் தூசி ஒத்துக்கொள்ளாமல் பெயின்ட் வேலைக்கு மாறியவள். தேய்ப்பதும் துடைப்பதும் ப்ரைமர் பூசுவதும் அவள் பங்கு. ஈரப் பெயின்டில் மர ரேகை இழுக்கும் ரப்பர் சீப்பு மட்டும் மேஸ்திரியின் சட்டைப் பையை விட்டு வெளியே போனதில்லை.

எமரித் தாளால் அவள் துருவைத் தேய்க்கும் சத்தம் தூரத்து மழை போல வீட்டுக்குள் கேட்டது. பழைய பெயின்ட் உரிந்த இடங்களில் தீவுகளும் ஓடைகளும் தெரிந்தன. கையை நிறுத்தி அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“இன்னா சரசு, கதவுல சினிமா ஓடுதா?” என்றார் மேஸ்திரி.

“ஓடுது மேஸ்திரி. இன்னும் இன்டர்வல் வரல.”

ப்ரைமர் காய்ந்து, அதன்மேல் அடித்த வெளிர் பழுப்பும் இறுகிய பிறகு, சரசு என்னிடம் வந்தாள்.

“சார், ஒரு கதவு நான் இழுக்கட்டுமா?”

“சொதப்புனா, அப்புறம் சீப்பு பக்கமே வரக்கூடாது. தேய்க்கிறதோட சரி,” என்றார் மேஸ்திரி.

“சரி மேஸ்திரி.”

“இழுக்கட்டுமே அண்ணா,” என்றாள் என் மனைவி மெட்டில்டா. நானும் தலையசைத்தேன்.

இடது கதவை மேஸ்திரி முடித்தார். வலது கதவில் சரசு அடர் பழுப்பைப் பூசி, ஈரம் காயுமுன் சீப்பை வைத்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. சீப்பு போன வழியெல்லாம் கோடுகள் நீரலை போல விரிந்தன. நடுவே ஒரு சுழி எழுந்து மெல்லக் கரைந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தலைக்கு மேலே போனது. அவள் நிமிரவில்லை.

முடித்துப் பின்னால் நகர்ந்தாள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்.

“மரம் படுத்துகினு கீதுடி!”

உண்மைதான். இடப்பக்கத் தேக்கு நிமிர்ந்து நிற்க, வலப்பக்கத் தேக்கு குறுக்கே சாய்ந்து கிடந்தது. வழக்கமாகக் கதவைக் கழற்றி முக்காலிகளில் படுக்கப்போட்டுத்தான் மேஸ்திரி இழுப்பார். துணியோடு பக்கவாட்டில் நிற்கும் சரசுவின் கண்ணுக்கு ரேகை எப்போதும் இடமிருந்து வலமாகவே ஓடியிருக்கிறது. எங்கள் கதவின் கீல்கள் வெல்டிங் செய்தவை, கழற்ற முடியவில்லை. பக்கத்துக் கதவைத் திரும்பிப் பார்க்காமல், நின்ற கதவிலும் அவள் தான் பார்த்த மரத்தையே வரைந்துவிட்டாள்.

“இருக்கட்டும் சரசு, அழகாத்தான் இருக்கு,” என்றாள் மெட்டில்டா.

“வேணாம்மா. ஒண்ணு நின்னுகினு, ஒண்ணு தூங்கிகினு இருந்தா வூட்டுக்கு வர்றவங்க இன்னா நெனப்பாங்க?”

டர்பன்டைனில் துணியை நனைத்து அவளே துடைத்தாள். அலையும் சுழியும் துணிக்குள் போயின. மேஸ்திரி சீப்புக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மறுபடி வண்ணத்தைப் பூசி, ஸ்டூலில் ஏறி, மேல் விளிம்பிலிருந்து கீழே இழுத்தாள். இந்த முறை கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. மரம் மெதுவாக எழுந்து நின்றது.

மேஸ்திரி கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்றும் பார்த்தார்.

“நாளைக்கு குரோம்பேட்டை வேலை. கதவு உனக்கு, ஜன்னல் எனக்கு,” என்றார். “சீப்ப நல்லா கழுவி நீயே வெச்சிக்க.”