எஸ்தர் அக்கா ஏறிய மலை

சனிக்கிழமை காலை பம்பாய் செம்பூர் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டா" என்றார். அவரே தொடர்ந்தார்: "ஒடம்பு சரியில்லாதவள மலைக்குக் கூட்டிட்டுப் போனீய. அன்னைக்கே முடிஞ்சு போச்சு. நினைவுக் கூட்டத்துல பேசுனா அந்த மலைக் கதைய மட்டும் எடுக்காதீய." அதனால்தான் அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

அக்கா தாராவியில் பிறந்தவர். திருநெல்வேலிப் பேச்சைக் கடைசிவரை விடாதவர். ஃபோர்ட்டில் எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்த மறு வருஷமே, மாட்டுங்காவிலிருந்து பூட்டானுக்குப் போன ஒரு டூரில் பெயர் கொடுத்தார். என் பெயரையும் சேர்த்துத்தான் கொடுத்தார், என்னைக் கேட்காமலே. யார் யாரைக் கூட்டிப்போனார்கள் என்பது இப்போது தெளிவாக இருக்கட்டும்.

அங்கே செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மடாலயத்துக்கு ஒரு நாள் மலையேற்றம். அடிவாரத்தில் டூர் மேனேஜர் அக்கா தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபைப் பார்த்தார். "ஆன்ட்டி, நீங்க பஸ்லயே ரெஸ்ட் எடுங்க. ரிஸ்க் வேணாம்."

"ரெஸ்ட் எடுக்க சயான்ல கல்லறை இருக்கு தம்பி. அதுக்கு எதுக்கு நான் ஃப்ளைட் புடிச்சு வரணும்?" என்றார் அக்கா.

பம்பாய்க்காரர்களுக்குப் படி என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், முன்னால் இருப்பவரை இடித்துக்கொண்டு ஏற வேண்டும். காலை நேரத்துத் தாதர் ஸ்டேஷன் பாலம் என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. அக்காவைத் தவிர அத்தனை பேரும் ஓடினோம், கொஞ்ச நேரத்திலேயே நாக்குத் தள்ளிவிட்டது. பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள் அதற்குமேல் நகரவே இல்லை. நான் பெஞ்சில் படுத்துவிட்டேன். எல்லோருக்கும் கடைசியாக, நின்று நின்று வந்து சேர்ந்தார் அக்கா.

"நான் ஸ்லோ லோக்கல் ட்ரெயின்ட்டி. எல்லா ஸ்டேஷன்லயும் நிப்பேன், கல்யாண் போய்ச் சேராம விடமாட்டேன். எந்திரி."

எழுந்தேன். மேலே ஒரு வளைவில் அவருக்கு இருமல் வந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "போறும்க்கா, எறங்கிடலாம்" என்றேன்.

"ஏட்டி, ஆஸ்பத்திரில எல்லாத்தையும் அடுத்தவுகதான் முடிவு பண்ணுனாக. எப்பத் திங்கணும், எப்பத் தூங்கணும், எங்க வெட்டணும்னு. இன்னைக்கு ஒரு நா நான் முடிவு பண்ணுதேன்."

சேர்ந்தோம். அக்கா ஜெபம் செய்வார் என்று நினைத்தேன். அவர் ஸ்கார்ஃபை அவிழ்த்தார். புதிதாக முளைத்த நரைமுடி, ஆட்டுக்குட்டி ரோமம் மாதிரி, காற்றில் சிலிர்த்து நின்றது. "எடுட்டி போட்டோ" என்றார்.

நோய் இந்த வருஷம்தான் எலும்பில் திரும்ப வந்தது. மலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் என் முன்னாலேயே அக்காவிடம் சொன்னார். அக்காவைக் கொண்டுபோனது நோய். அதை விட்டுவிட்டு, அவர் ஆசைப்பட்டு ஏறிய மலைமேல் பழி போட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் படம்தான். ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் மாலை போட, நீளப் பின்னலோடு இருக்கும் இளவயதுப் படத்தைத் தம்பி தேர்ந்தெடுத்திருக்கிறாராம். அது அவர் உரிமை, வைக்கட்டும். மொட்டைத் தலையில் முடி முளைத்த அக்கா சிரிக்கும் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுவிட்டேன். முன் வரிசையில் அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். முடிந்தால் தம்பி என்னை அங்கிருந்து எழுப்பிப் பார்க்கட்டும்.