பேபி ஸ்டெப்ஸ்

அந்த மேனேஜரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2008-இல் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தேன். இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதற்காகவே சிதம்பரம் கீழ வீதியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். அந்த நேரத்தில் எங்கள் ஒரு வயது மகளை வீட்டுக்காரர் தன் ஜெராக்ஸ் கடையில் வைத்துப் பார்த்துக்கொள்வார். கடை வருமானத்தில் வாடகை கொடுத்தால் பால் வாங்க முடியாது. எனக்கு வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

வகுப்பில் எனக்குப் பிடித்துப்போன சொல் ‘பேபி ஸ்டெப்ஸ்’. கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று முன்னேறுவதை அப்படிச் சொல்வார்களாம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

“இங்கிலீஷ் எப்படி?” என்றார் மேனேஜர்.

“ஐ ஆம் டேக்கிங் பேபி ஸ்டெப்ஸ், சார்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பேபியா? கைக்கொழந்தய வச்சிக்கிட்டு எதுக்கும்மா வேலைக்கு வரீங்க? லீவு ஜாஸ்தி போடுவீங்களே!”

எனக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று சோதிக்க உட்கார்ந்த மகராசனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை! என் டைப்பிங் சர்டிஃபிகேட்டைப் பார்க்காமலேயே என் பக்கம் தள்ளினார். “அது ஒரு இடியம் சார், கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கிறேன்னு அர்த்தம்” என்றேன்.

“அத விடும்மா. கொழந்த இருக்கா, இல்லையா?”

இருந்தால் உனக்கென்னய்யா என்று கேட்டிருக்க வேண்டும். “இல்ல சார்” என்றேன். அவர் சர்டிஃபிகேட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். வேலை கிடைத்தது.

அதன்பிறகு மகளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குக் காய்ச்சல் என்றுதான் லீவு லெட்டர் எழுதினேன். அந்த ஆள்மேல் இருந்ததைவிட என்மேல்தான் எனக்கு அதிகம் எரிச்சல் வந்தது.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளோடு நடராஜர் கோயிலுக்குப் போயிருந்தேன். எதிரே மேனேஜர், தன் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் பிடித்தபடி வந்தார். “யாரும்மா இது?” என்று என் மகளின் கன்னத்தைத் தட்டினார்.

“அக்கா பொண்ணு சார்.”

எனக்கு அக்காவே கிடையாது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மகள் கேட்டாள்.

“அப்ப என்னோட அம்மா எங்கம்மா?”