அப்பாவின் எட்டு மணி நேரத் தூக்கம்

இன்று காலை அப்பாவை ஆண்டர்சன்பேட்டையில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை.

"நைட் ஷிஃப்ட் ஆளாச்சே, பகல்ல தூங்குறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எட்டு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன் சார்."

மாத்திரையைக் கூட்டி எழுத டாக்டர் பேனாவை எடுத்தார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பொய் சொல்றாரு டாக்டர். எங்களுது ஒரே ரூம் லைன் வீடு. எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலான பசங்களுக்குப் பகல் பூரா அங்கேதான் டியூஷன் எடுக்கிறேன். அந்தச் சத்தத்துல இவரு எங்க தூங்குறது?"

டாக்டர் பேனாவை மூடினார். "தூங்கறப்போதான்மா நரம்பெல்லாம் அடங்கும், ஹார்ட் நிதானமா அடிக்கும், பிரஷர் இறங்கும். அதுக்கு வழியே விடலன்னா மாத்திரை இன்னா பண்ணும்?"

வெளியே வந்ததும் அப்பா முறைத்தார். "இன்னாத்துக்கும்மா அதைச் சொன்னே? உன் புண்ணியத்துல அல்ஜீப்ரா எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுதினா நானே பாஸ் பண்ணிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தவர் தூங்குகிறார் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நாளையிலிருந்து டியூஷன், அப்பா எழுந்த பிறகு மாலையில்தான்.

உங்கள் வீட்டு நைட் ஷிஃப்ட் ஆள் பகலில் நிஜமாகவே தூங்குகிறாரா? பார்த்துவிட்டு எழுதுங்கள். குற்றவாளி நான் ஒருத்திதானா என்று தெரிய வேண்டும்.