தனியாக வைத்த ஒன்பது நாட்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உரக் கடையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர, பேனா பிடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. எழுத்து கோணலாக இருக்கும். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். பொறுத்துப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் நடந்தது இது. கல்வராயன் மலையில் கரியாலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிறோம். அறுத்த சாமையை வீட்டிலேயே மூட்டை கட்டி வைப்பதால் எலித் தொல்லை உண்டு. அதற்காக என் மகள் கல்யாணத்துக்கு முன்பு இரண்டு பூனைக்குட்டிகளைக் கொண்டுவந்தாள். ஒன்று செவலை, ஒன்று சாம்பல். நிறமே பெயராகிவிட்டது. செவலைதான் அவள் செல்லம். அவள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு அது என்னோடு ஒட்டிக்கொண்டது. நான் களை வெட்டப் போனால் வரப்பில் வந்து உட்காரும். நானும் பேசமாட்டேன், அதுவும் கத்தாது.

அந்த ஐப்பசியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். அதே சமயத்தில்தான் செவலை இளைக்க ஆரம்பித்தது. எலி பக்கத்தில் ஓடினாலும் தலையைத் திருப்பாது. வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து பார்த்தேன், ஈறு வெளுத்துக் கிடந்தது. காமாலை என்று நானே முடிவு செய்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் போனதுதான் மிச்சம்.

பிறகு ஒரு கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டிக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். மலை இறங்கும் வரை கூடைக்குள் கத்திக்கொண்டே வந்தது. அது அவ்வளவு கத்தி நான் கேட்டதில்லை. கண்டக்டர் கூடையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, முயலா? பாரஸ்ட்டுக்காரன் பாத்தான்னா உன்னத்தான் கூடையில போட்டுக்கினு போவான்."

எல்லோரும் சிரித்தார்கள். பூனை என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நாய்க்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். சின்ன வயசு, பொறுமையானவர். ரத்தம் எடுத்து ஒரு சின்ன அட்டையில் சொட்டு விட்டார். கொரோனா சமயத்தில் டிவியில் காட்டினார்களே, அதே மாதிரி அட்டை. இரண்டு கோடு விழுந்தது. பூனைக்கு வருகிற ஒரு வைரஸ் என்று ஒரு பெரிய பெயர் சொன்னார். ரத்தப் புற்று மாதிரி என்றார். முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை, இருக்கும் வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வெளியே இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. கடைசியாக அவர் சொன்னது இப்படித்தான் என் காதில் விழுந்தது:

"மத்தவங்களோட சேர்க்காதீங்க. தனியா வெச்சிக்கோங்க. தட்டு, தண்ணி எல்லாமே தனி."

இரண்டு கோடு, தனித் தட்டு, தனி இடம். கொரோனாவில் நானே பள்ளிக்கூடக் கட்டிடத்தில் பதினான்கு நாள் தனியாகக் கிடந்தவன். எனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். யாருக்கு ஒட்டும், எப்படி ஒட்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பின்னால் நாயோடு பத்துப் பேர் நின்றார்கள். சரிங்க, சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மாசமான பெண் இருக்கிறாள். அதனால் செவலையை வீட்டுக்குள் விடவே இல்லை. கொல்லையில் பூச்சி மருந்து அடிக்கிற மிஷின் வைக்கிற கொட்டகையைக் காலி செய்து, சாக்கு விரித்து, உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைப் பொடித்துக் கருவாட்டுச் சோற்றில் கலந்து, தட்டை ஒரு குச்சியால் உள்ளே தள்ளுவேன். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வேன். கதவுச் சத்தம் கேட்டதும் அது எழுந்து என் கால் பக்கம் வரும். நான் குச்சியால் மெல்லத் தள்ளிவிட்டுக் கதவை மூடுவேன்.

மகள் தினமும் கேட்டாள். "தூர நின்னு பாத்துட்டு வந்துடறேன்பா."

"வயித்துல புள்ளைய வெச்சிக்கினு பேசற பேச்சா இது? அந்தப் பக்கம் கால வெச்சேன்னா பாரு" என்று கத்திவிட்டேன். அவளிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மருந்துச் சீட்டையும் அவளிடம் காட்டவில்லை. புற்று என்ற சொல் அவள் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தேன்.

சாம்பல் மட்டும் கூரை இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். ஒரே தட்டில் தின்னும், கட்டிக்கொண்டு படுக்கும். நான் அதைத் தடுக்கவில்லை. பாவம், துணைக்கு ஒரு உயிராவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாலு நாளில் செவலை சோற்றை முகர்வதோடு நிறுத்திக்கொண்டது. ஏழாம் நாள் கதவைத் திறந்தால் எழுந்து வரவும் இல்லை. ஒன்பதாம் நாள் மாத்திரை தீர்ந்துபோய் நான் மட்டும் கீழே இறங்கினேன்.

"சாப்புடுதுங்களா ஐயா? யார்கிட்ட படுத்துக்குது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கொட்டாயில பூட்டி வெச்சிருக்கேன்ங்க. நீங்க சொன்னாப்ல யாரும் தொடறதில்ல."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நான் மத்ததுங்களோட சேர்க்காதீங்கன்னு சொன்னேன் ஐயா. மத்த பூனைங்களோட. மனுசனுக்கு இது வராதுங்க."

மத்ததுங்க, மத்தவங்க. ஒரே ஒரு எழுத்துதான். அந்த ஒரு எழுத்தில் நான் ஒட்டாத மனுசனை எல்லாம் விலக்கிவிட்டு, ஒட்டுகிற பூனையைக் கூடவே படுக்க விட்டிருக்கிறேன். சாம்பல் விஷயத்தையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதையும் கொண்டுவரச் சொன்னார். அப்போதுதான் மகள் மாசமாக இருப்பதையும் சொன்னேன். பூனையின் மலத்தை மட்டும் அவள் தொடக் கூடாது, மற்றபடி மடியில் வைத்துக்கொண்டாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்றார்.

பிறகு செவலைக்கு என்ன செய்யலாம் என்று நிதானமாகச் சொன்னார். சென்னைக்குக் கொண்டுபோனால் ரத்தம் ஏற்றுவார்கள், ஊசி போடுவார்கள், கொஞ்ச நாள் கூடலாம், கூடாமலும் போகலாம். இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துக் காய்ச்சலுக்கும் பசிக்கும் மருந்து கொடுக்கலாம். ரொம்பச் சிரமப்பட்டால், வலி இல்லாமல் தூங்க வைத்து அனுப்ப ஊசி இருக்கிறது. "எது செஞ்சாலும் தப்பு இல்லங்க ஐயா, யோசிச்சி சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த? யாருக்கு ஒட்டும்னு கேக்கறதுக்கு இன்னா கேடு?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். செவலை அவள் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டது. அன்று மீன் குழம்பில் இருந்த மீனைக் கழுவி அவள் விரலால் ஊட்ட, இரண்டு வாய் தின்றது.

மலை இறங்கவே அப்படிக் கத்தின பூனையைச் சென்னை வரை இழுத்துப் போக எனக்கு மனசு வரவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். சாம்பலை என் தம்பி வீட்டில் விட்டோம். செவலை மூன்று வாரம் எங்களோடு இருந்தது. நடுவில் பத்து நாள் நன்றாகக்கூட இருந்தது. வரப்பு வரைக்கும் ஒரு நாள் பின்னாலேயே வந்தது.

பிறகு மறுபடியும் படுத்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. தண்ணீர் இறங்கவில்லை. ஊசி போடலாமா என்று நான் கேட்டதும், "உசுர எடுக்கற பாவம் நமக்கு வேணாம்" என்றாள் மனைவி. மகள் மட்டும், "அது கஷ்டப்படறத பாத்துக்கினு இருக்கறது மட்டும் புண்ணியமா?" என்று கேட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். இந்தத் தடவை கூடையில் வைக்கவில்லை. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அது கத்தவில்லை.

அன்று நான் டாக்டரம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டேன். வலிக்குமா என்று கேட்டேன். முதலில் தூக்க ஊசி, அப்புறம்தான் அடுத்தது, வலி தெரியாது என்றார். நான் கையை வைத்துக்கொண்டு இருக்கலாமா என்று கேட்டேன்.

"வெச்சிக்கோங்க ஐயா. உங்க கை இருந்தா அதுக்கு பயம் கம்மியா இருக்கும்."

கழுத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான்.

ஊருக்குக் கொண்டுவந்து வேலி ஓரம் புதைத்து, நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் வைத்தேன். பங்காளி ஒருவர் பார்த்துவிட்டு, "ஒரு பூனைக்குப் போயி சோறு தின்னாம கீறியாமே" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். சாம்பலுக்கு அட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது. சில வாரம் கழித்து மறுபடி பார்த்ததிலும் ஒரு கோடுதான். இப்போது சாமை மூட்டைக்கு அதுதான் காவல்.

தை மாதம் பேத்தி பிறந்தாள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறது, வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்று நர்ஸ் வேகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் பின்னாலேயே போய், "எனக்கு விளங்கலம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். முகம் சுளித்தார், ஆனால் சொன்னார். முழுசாக விளங்கும் வரை கேட்டேன்.

கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் மூன்று வாரம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்ட பிறகும், குச்சியால் தள்ளின அந்த ஒன்பது நாளை அதற்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை.

எழுதி முடித்த நாள்: 14.9.2025, ஞாயிறு.