மாடி வீட்டுப் பெண்ணுக்குப் போட்ட பந்தல்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் கிருஷ்ணப்பிரியாவுக்குச் சாவுப் பந்தல் போட்டதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஐஸ் பெட்டி வரைக்கும் வந்து இறங்கிவிட்டது.

பிரியாவுக்குப் பதினாறு வயது. அப்பா தினேஷுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எப்போதும் நைட் ஷிஃப்ட். அம்மா வரலட்சுமி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி மைதானத்தில் பிரியாவுக்கு வீசிங் வந்துவிட்டது. உதடெல்லாம் நீலம் பாய்ந்து, ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தாள். ஆனால் தினேஷ் அன்றோடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு எல்லாமே ஆன்லைன்தான். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார வேண்டியது, தூசி வரும் என்று ஜன்னலைக்கூடச் சாத்திவிட வேண்டியது.

திட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் தினேஷைத் திட்ட மனம் வரவில்லை. பெற்ற பிள்ளை மடியில் மூச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்தவன் அவன். வீசிங் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா இழு, மெதுவா வுடு" என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பது கீழே எனக்குக் கேட்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் வேலைக்குக் கிளம்பிப் போனதும் நான் சீரியல் பார்க்க உட்கார்ந்தேன். தலைக்கு மேலே தொம் என்று ஒரு சத்தம். ஃபேன் ஆடிற்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொம். வந்ததே கோபம்! என் வீட்டை இடிக்கிறார்களா என்று படியேறிப் போய்க் கதவைத் தள்ளினேன். தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஓர் இரும்புக் கம்பி. அதன் இரண்டு முனையிலும் சிமெண்ட் ஊற்றி இறுகவைத்த பெயிண்ட் டப்பாக்கள். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்கிறாள், நான் நோயாளிப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்த பிரியா!

"அடிப்பாவி! இன்னாடி இது?"

"ஆக்டிவிட்டி ஆன்ட்டி" என்றாள், கம்பியைக் கீழே போட்டுவிட்டு. மறுபடி தொம்.

அவளுடைய ஆன்லைன் பள்ளியில் பி.டி. பீரியட் கிடையாது, விளையாட்டு விழா கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையும் பாடம் தவிர வேறு ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

"நைனா படம் வரையச் சொன்னாரு. நோட்டு பூரா மயிலா வரைஞ்சேன். எனக்கு மயிலே புடிக்கல ஆன்ட்டி."

வரலட்சுமி தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டராண்ட கேட்டுட்டோம் ஓனரம்மா. இன்ஹேலர் கையில வச்சிக்கினு தாராளமா செய்யலாம்னுட்டாரு. அவருக்கு மட்டும் தெரிய வாணாம். தெரிஞ்சுதுன்னா அத்தோட முடிஞ்சிது. இந்தப் பொண்ணு மறுபடியும் ஜன்னலச் சாத்திக்கினு குந்தணும்."

"என் தரை ஒடைஞ்சா இன்னா பண்ணுவே?" என்று கத்திவிட்டு இறங்கி வந்தேன். மறுநாள் என் பழைய மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன், கம்பி அதன் மேல் விழட்டும் என்று.

அதன் பிறகு ஒரகடம் பக்கம் பெண்களுக்கான ஜிம் ஒன்றில் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் விடியும் முன் கிளம்பி, அப்பா ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் திரும்பிவிடுவாள். வந்ததும் முகம் கழுவி லேப்டாப் முன்னால் உட்கார்ந்துகொள்வாள். தோளும் கையும் இறுகின. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். தினேஷ் அதற்கு மட்டும் ஒரு வாரம் முறைத்தான். பரீட்சை என்று சொல்லி வரலட்சுமி அவளை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனாள். பெண் இரண்டாம் இடம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்! அடுத்தது மாநிலப் போட்டிக்கான தேர்வு. அதுவரை தினேஷ் காதுக்குப் போகக்கூடாது என்று நாங்கள் மூவரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம்.

இப்படியொரு ரகசியம் இருப்பதை அறியாத ஆள், அவளோடு ஆன்லைனில் படிக்கும் முஸ்தகீம். பூந்தமல்லிப் பையன். அவனுடைய மாமாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. தோழி ஜெயித்துவிட்டாள், சும்மா விடலாமா? ஒரு வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்த பிறகு நண்பர்கள் கூட்டமாக வந்து, அவளுக்கே தெரியாமல் எங்கள் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தினேஷ் அதற்கு முன்பே ஷிஃப்டுக்குப் போயிருந்தான்.

அவர்களிடம் இருந்த ஒரே படம், முடி வெட்டுவதற்கு முன்னால் ஆன்லைன் வகுப்பில் தெரிந்த பிரியாவின் முகம். சிரிப்பே இல்லாமல் நேரே பார்க்கிற முகம். கடைக்காரர் ஏற்கனவே கம்ப்யூட்டரில் வைத்திருந்த ஏதோ டிசைனில் அதை ஒட்டியிருக்கிறார். சுற்றிலும் வெள்ளைப் பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பெயர். வாழ்த்தும் இரண்டாம் இடமும் கீழ்ப்பாதியில். அந்தக் கீழ்ப்பாதியை மறைத்து, யாரோ தங்கள் வீட்டுக் காதுகுத்து பேனரை அன்று இரவே கட்டித் தொலைத்துவிட்டார்கள்.

காலையில் தெரு எழுந்து பார்த்தால் என்ன தெரியும்? பூவும் விளக்கும் நடுவே, ரொம்ப நாளாக யாருமே வெளியில் பார்த்திராத அந்த வீசிங் பெண்ணின் முகம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு என்று தெரிந்தால் யாரும் போய்க் கதவைத் தட்டி, உண்மையா என்று கேட்கமாட்டார்கள். நொந்து கிடக்கிற வீட்டில் என்ன கேள்வி என்று அவரவர் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் பந்தலுக்கு, ஒருவர் நாற்காலிக்கு, ஒருவர் டீக்கு. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரே ஒருத்தர் கேட்டிருக்கக்கூடாதா! வரலட்சுமி முதல் பஸ்ஸில் மாங்காட்டுக்கு அம்மனைப் பார்க்கப் போயிருந்தாள். பிரியா ஜிம்மில். இரண்டு பேரும் இருட்டில் தெருவின் மறுமுனை வழியாகப் போனதால் பேனரைப் பார்க்கவில்லை. மாடி பூட்டிக் கிடந்ததைப் பார்த்து, ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வரும் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் இரும்புக் கம்பி விழுகிற சத்தம். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எவன்டா அவன், என் ஊட்டு வாசல்ல பந்தல் போட்டுக்கினு கீறவன்?"

வாசல் நிறைய நாற்காலி. ஒரு வேனிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்த நேரத்தில் தினேஷ் டிபன் பையோடு, பேனர் இல்லாத மறுமுனை வழியாகத் தெருவுக்குள் நுழைந்தான். பந்தலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று நினைத்து வந்தவன் போல, நான் நிற்பதைப் பார்த்ததும் குழம்பிப்போனான். ஆட்டோ ஓட்டும் சம்பத் ஓடிப் போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"போய்ட்ச்சே மச்சான், நம்ம பொண்ணு போய்ட்ச்சே!"

தினேஷின் கையிலிருந்து டிபன் பை விழுந்தது. பின்னாலேயே அவனும் மண்ணில் விழுந்தான்.

எனக்கும் அப்படியே நம்பத்தான் தோன்றியது. காலையில் படி இறங்கிப் போன பெண். ஜிம்மில் மூச்சு முட்டிற்றோ? கம்பி மேலே விழுந்ததோ? ஐயோ, நானும் அல்லவா கூட்டு என்று மார்பில் அடித்துக்கொண்டேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "யாருக்கு இன்னா ஆச்சு?"

கையில் மாலையோடு நின்ற வேம்புலியம்மாள் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னாள். அவள் எதிர்வீட்டுக்காரி.

"மாடி ஊட்டுப் பொண்ணும்மா. தங்கமான பொண்ணு. என் மடியில வளந்த கொயந்த. நீ யாரு, சொந்தமா? செருப்பக் கயட்டிட்டு அப்டிக் குந்து."

தோளில் பையோடு, டிராக் பேண்ட்டோடு, குட்டை முடியோடு பிரியா நின்றுகொண்டிருந்தாள். வழக்கத்தைவிடத் தாமதமாக வந்திருக்கிறாள். அந்தத் தெருவில் அத்தனை பேர் அவளுக்காக அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

"அது நான்தான் பெரிம்மா" என்றாள்.

வேம்புலியம்மாள் மாலையைப் போட்டுவிட்டு அலறிய அலறல் ஒரகடம் வரைக்கும் கேட்டிருக்கும். கூட்டம் விலகியது. அந்த இடைவெளியில்தான் மண்ணில் கிடக்கும் அப்பாவைப் பிரியா பார்த்தாள்.

பையை வீசிவிட்டு ஓடி வந்தாள். ஆண்கள் நாலைந்து பேர் சுற்றிலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் அவனுக்கு அடியில் கொடுத்து, மூச்சை ஒரு தரம் இழுத்துப் பிடித்தாள். எழுந்தாள். அவள் கையில் தினேஷும் எழுந்தான். அப்படியே தூக்கிக்கொண்டு நடந்து வந்து, என் வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்தாள். தெருவே வாயைப் பிளந்தது. அவள் கம்பி தூக்கியதைப் பார்த்திருந்த எனக்கே கண்ணை நம்ப முடியவில்லை.

தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு முட்டிக்கொண்டது.

"நைனா, என்னப் பாரு" என்றாள் பிரியா, அவன் மார்பில் கையை வைத்து. "மெதுவா இழு. மெதுவா வுடு. நான் இங்கதான் கீறேன். மெதுவா இழு."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். தினேஷ் அவள் கன்னத்தைத் தொட்டான். தோளைத் தொட்டான். தோள் இறுகியிருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"யாரு என்னத் தூக்கியாந்தது?"

"நான்தான் நைனா. வெயிட் தூக்கக் கத்துக்கினு கீறேன். உன்னாண்ட சொல்லல."

நான் வாயைத் திறந்தேன். திட்டினால் திட்டட்டும், என்னையும் சேர்த்துத் திட்டட்டும் என்று. அவன் திட்டவில்லை. வாசல் வழியே ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"ஊட்டுக்குள்ளவே வச்சிக்கினா உனுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்" என்றான். "உசுரோட வந்து நிக்கிறே. நீ யாருன்னே எவனுக்கும் தெர்லியே கண்ணு."

பிறகு எழுந்துகொண்டான். பிரியா பிடிக்கப் போனாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அவனே வாசலுக்கு வந்தான். பந்தலைப் பிரிக்க வந்தவர்களைத் தடுத்தான். ஐஸ் பெட்டியை மட்டும் நான் போட்ட சத்தத்தில் வேன்காரன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்து மகளை உட்காரவைத்து, பக்கத்தில் தினேஷ் நின்றுகொண்டான். விஷயம் தெரியாமல் பக்கத்துத் தெருக்களிலிருந்து ஆட்கள் மாலையோடு வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரிடமும் அவன் அதையே சொன்னான்.

"இதான் என் பொண்ணு. கிருஷ்ணப்பிரியா. வெயிட் தூக்குது. நல்லாப் பாத்துக்கோங்க."