அவோஸ்தாப் போத்தலின் ஊர்வலம்

எங்கள் ஆட்கள் விஸ்கியைக் குடிப்பார்கள், வைனைக் கொடுப்பார்கள். மொன்றியலில் ஒரு தமிழ் வீட்டுக்கு வரும் சிவப்பு வைன், அடுத்த கொண்டாட்டம் வரை அலுமாரியில் கிடந்துவிட்டு, புதுப் பையில் ஏறி இன்னொரு வீட்டுக்குப் போகும். யாரும் திறப்பதில்லை. நானும் எத்தனையோ போத்தல்களை அப்படி வழியனுப்பி வைத்தவன்தான்.

ஆனால் இந்தப் போத்தல் வேறு. நான் சமையல் வேலை செய்த இத்தாலிய உணவகத்தின் பழைய முதலாளி தந்தது. அவர் அவோஸ்தாப் பள்ளத்தாக்குக்காரர். இத்தாலியின் வடமேற்கு மூலை, சுற்றிவர அல்ப்ஸ் மலை. மெஷின் ஏறாத சரிவில் கல்லடுக்கிப் படி கட்டி, கையால் பழம் பிடுங்கிச் செய்கிற வைன். கிடைப்பதே கொஞ்சம், அதையும் ஊர்க்காரரே குடித்து முடித்துவிடுவார்களாம். இது அவருடைய தம்பி செய்தது. தம்பி இறந்து, தோட்டமும் கைமாறிவிட்டது.

"இதுதான் கடைசி. ஒரு மாதம் அசைக்காமல் வை, மண்டி அடியில் படியட்டும். பிறகு உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன், சேர்ந்து திறப்போம்" என்றார்.

அவர் வருவதற்கு இரண்டு நாள் இருக்க, அலுமாரியில் போத்தலைக் காணவில்லை.

"அதைப் புரோசார்ட்டில புது வீட்டுக் குடிபூரலுக்குக் குடுத்திட்டன். வீட்டில ஒருத்தரும் குடியாத சாமான்தானே" என்றாள் மனைவி.

தொலைபேசியை எடுத்தேன். புரோசார்ட்காரர் அதை ஒரு பிறந்தநாள் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். பிறந்தநாள் வீட்டார் செயின்ட்-மிஷேலில் இருக்கும் என் மனைவியின் பெரியம்மாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவருக்கு இரத்தம் குறைவு, சிவப்பு வைன் இரத்தம் ஊறப்பண்ணுமாம். குடித்துவிட்டு வருகிற ஆண்களை வாசலிலேயே மணந்து பிடித்துத் திருப்பி அனுப்புகிற மாமி அவர். சிங்கில் ஊற்றியிருப்பார் என்றே நினைத்துக்கொண்டு ஓடினேன்.

ஊற்றவில்லை. பிரிட்ஜில், ஊறுகாய்க்கும் தயிருக்கும் நடுவில் போத்தல் நின்றது. முக்கால்வாசி இருந்தது.

"மாமி, இது வைன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ தம்பி. நான் வைன் குடிக்கிறனானோ? இது டொனிக்."

"திறந்து வைச்சால் புளிச்சுப்போகும்."

"டொனிக் எண்டால் அப்பிடித்தான் இருக்கும்."

திருப்பித் தரும்படி மெல்லக் கேட்டுப் பார்த்தேன். நோயாளியின் மருந்தைத் திருப்பிக் கேட்கிற மனிசரை இப்போதுதான் காண்பதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியைக் காரில் ஏற்றி, மாமி வீட்டுக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவருடைய தம்பியின் கடைசி வைனை நான் ஊர் சுற்ற விட்டிருக்கிறேன். இனி இந்த மனிதர் என்னுடன் பேசுவாரோ என்றே பயமாக இருந்தது.

"மாமி, இவருக்கும் இரத்தம் குறைவு" என்றேன், வேறு வழி தெரியாமல்.

மாமி அவருடைய வெள்ளை முகத்தை உற்றுப் பார்த்தார். "ஓம், பாக்கவே தெரியுது. பாவம், வெளிறிப்போய் நிக்கிறார்."

இருமல் மருந்துக் கப்பில் கோடு வரை அளந்து ஊற்றிக் கொடுத்தார். முதலாளி முகர்ந்தார், குடித்தார். கண் கலங்கிவிட்டது. "என் தம்பி" என்று மட்டும் சொன்னார். பிறகு கப்பை மறுபடி நீட்டினார்.

"ஒரு நேரத்துக்கு ஒண்டுதான். பேந்து நாளைக்கு, விளக்கேத்தினாப் பிறகு" என்றார் மாமி.

நான் பிரெஞ்சில் சொன்னேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். போத்தல் முடியும் வரை மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்து வந்து, மாமியோடு இருந்து மருந்து குடித்தார். பாஷை தெரியாமலே இரண்டு பேரும் நன்றாகக் கதைத்தார்கள்.

நானும் முதல் நாளே கப்பை நீட்டினேன்தான். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, குடிக்கப் பழகுறியளோ?"